வலிக்காத அவசரம்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிவைத்தவர்கள் பல்வலியை ஏன் விட்டார்களோ தெரியவில்லை. நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்தபடி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற ஒருவர் இருந்தால் போதும், வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. கிராம்பு தேடுவார்கள், உப்புத் தண்ணீர் காய்ச்சுவார்கள், எந்த டாக்டர் இந்நேரத்துக்கு இருப்பார் என்று பக்கத்து வீட்டுக்கு போன் போடுவார்கள்.

ஆனால் அந்த மனிதர் பெரும்பாலும் விடியும்வரை காத்திருக்கலாம். அவர் படுவது பெரும் வேதனைதான். இருந்தாலும் அந்தச் சில மணி நேரத்தில் அவர் எதையும் இழந்துவிடப் போவதில்லை. அதே தெருவில் பள்ளி மைதானத்தில் விழுந்து முன்பல் முழுசாகத் தெறித்துவிட்ட பையன் ஒருவன் இருக்கலாம். அவனுக்கு அவ்வளவு வலி இல்லை. பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். சாயங்காலம் அம்மாவிடம் காட்டுவான். அதற்குள் அந்தப் பல்லின் கதை முடிந்திருக்கும். இன்னொரு வீட்டில் ஒரு அத்தை, போன வாரம் உயிரை எடுத்த கடைவாய்ப்பல் தானாகவே அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறார். தாடைக்கு அடியில் லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மூவரில் உயிருக்கு ஆபத்து அவருக்குத்தான்.

பல் விஷயத்தில் வலியை வைத்து அவசரத்தை அளந்தால் அநேகமாகத் தப்பாகத்தான் முடியும். காரணம் பல்லின் அமைப்பிலேயே இருக்கிறது.

பல்லின் மேலுறையான எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். உடம்பில் அதைவிடக் கெட்டியான பொருள் கிடையாது. அதில் நரம்பு இல்லை, ரத்தமும் இல்லை. சொத்தை அதைத் துளைத்துக்கொண்டு போகும்போது நமக்கு ஒரு தகவலும் வராது. அடுத்த அடுக்கான டென்டினில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் பல்லாயிரம் நுண்குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டதும் அந்தத் திரவம் சட்டென்று நகர்கிறது, குழாயின் உள்முனையில் இருக்கும் நரம்பு சீண்டப்படுகிறது, பல் சுரீர் என்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் மார்ட்டின் பிரென்ஸ்ட்ரோம் 1960-களில் நிலைநாட்டிய விளக்கம் இது. சுரீரென்று வலித்து, தண்ணீரை விழுங்கியதும் நின்றுவிட்டால் பல்லின் உயிர்ப்பகுதி இன்னும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது என்று பொருள். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் தீர்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போகிறவர்கள் குறைவு.

அந்த உயிர்ப்பகுதிதான் பற்கூழ். பல்லின் நடுவறையில் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் கொண்ட மெல்லிய சதை. கிருமிகள் அதை நெருங்கியதும் அழற்சி தொடங்குகிறது. உடம்பில் வேறெங்கும் அழற்சி வந்தால் அந்த இடம் வீங்கும். வீங்க இடம் இருப்பதால் அழுத்தம் ஓரளவு தணியும். பற்கூழைச் சுற்றி நாலா பக்கமும் கல்போன்ற சுவர். வீங்க இடமில்லை, எனவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இப்போது பேசுவது வேறு வகை நரம்பிழைகள். மெதுவானவை, ஆழமானவை, ஆரம்பித்தால் லேசில் ஓயாதவை. படுத்தவுடன் தலைக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் கூடுவதால், பகலெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்த வலி இரவில் விண்விண்ணென்று தெறிக்கிறது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்வது வெறும் ஆறுதலுக்காக இல்லை.

சிலர் கையில் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு பல் மருத்துவரிடம் வருவார்கள். ஒரு வாய் உறிஞ்சி அந்தப் பல்மேல் நிறுத்தினால் ஒரு நிமிடம் வலி அடங்கும், துப்பியதும் மறுபடி. அனுபவமுள்ள மருத்துவர் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவார். பற்கூழ் தேறும் கட்டத்தைத் தாண்டி, சாகும் தறுவாயில் இருக்கிறது. இதற்கு இரண்டே வைத்தியம்தான்: வேர் சிகிச்சை அல்லது பல்லை எடுத்துவிடுவது.

நம் ஊரில் மூன்றாவதாக ஒரு வைத்தியமும் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் போய், "பல்வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்பது. அந்தச் செட்டில் ஒரு வலி மாத்திரை இருக்கும், ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும், வயிற்றுக்கு ஒன்று இருக்கும். இந்தக் கட்டத்தில் ஆன்டிபயாடிக்கால் வலி குறைவதில்லை. வலியை உண்டாக்குவது சின்ன அறைக்குள் நடக்கும் அழற்சி. மருந்தோ ரத்தத்தின் வழியாகப் போக வேண்டியது, செத்துக்கொண்டிருக்கும் பற்கூழுக்குள் ரத்த ஓட்டமே ஒழுங்காக இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், நோய் எதிர்ப்பு சக்தி சரியாக உள்ள பெரியவர்களுக்குப் பற்கூழ் அழற்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம், பல்லுக்கு நேரடியாகச் சிகிச்சை செய்யுங்கள் என்றுதான் இருக்கிறது. விடியும்வரை தாக்குப்பிடிக்க, ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்து எடுத்தால் பெரியவர்கள் பலருக்கு நன்றாகவே கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் ஐபுபுரோஃபெனைத் தாங்களாக எடுக்கக் கூடாது. கிராம்பில் உள்ள யூஜினால் நிஜமாகவே நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறார்கள். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுச் சொத்தைக்குள் வைக்கலாம். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைத்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். அது அமிலம், ஈறு வெந்து வெளுத்துவிடும்.

வலி முகவரியையும் தப்பாகச் சொல்லும். எந்தப் பல் என்று அறியும் உணர்விழைகள் பற்கூழில் இல்லை. மேல் பல்லின் செய்தியும் கீழ்ப் பல்லின் செய்தியும் மூளைக்குப் போகும் வழியில் ஒரே இடத்தில் கலக்கின்றன. அதனால்தான் கீழ்ப் பல் சொத்தையாக இருக்க, மேல் பல்லைத் தொட்டுக் காட்டி இதைப் பிடுங்குங்கள் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. இடது வலது மாத்திரம் பெரும்பாலும் மாறாது.

இதைவிடப் பெரிய முகவரிப் பிழை ஒன்றும் உண்டு. இதயத்துக்கு ரத்தம் போதாதபோது எழும் வலி சிலருக்குக் கீழ்த்தாடையில் தெரியும். மாடிப்படி ஏறும்போது தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் நிற்கிறது என்றால் அது பல் செய்கிற வேலை இல்லை. நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு தாடை வலித்தால் பல் மருத்துவரைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கூடத்தில் நடந்த மனிதரிடம் திரும்புவோம். அவர் மருத்துவரிடம் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் வலி காணாமல் போகிறது. குலதெய்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார். நடந்தது என்னவென்றால், பற்கூழ் செத்துவிட்டது. நரம்பும் கூடவே செத்ததால் சொல்வதற்கு ஆள் இல்லை. கிருமிகள் ஆளில்லாத அறையில் பெருகி, வேர் நுனியில் உள்ள துளை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. சில வாரங்களில் அந்தப் பல் மற்றவற்றைவிட உயர்ந்துவிட்டதுபோலத் தோன்றும், கடித்தால் வலிக்கும். இம்முறை எந்தப் பல் என்று துல்லியமாகக் காட்டுவார். வேரைச் சுற்றியுள்ள திசுவில் இடம் அறியும் உணர்விழைகள் உண்டு. சீழ் கட்டி, எலும்பில் எங்கே மெலிதோ அங்கே உடைத்துக்கொண்டு வெளியேறும். உடைந்ததும் அழுத்தம் குறைந்து வலி மறுபடி தணியும். நோய் முற்றும் ஒவ்வொரு படியிலும் நோயாளிக்குச் சுகமாகிவருகிறது என்ற எண்ணமே உண்டாகிறது.

சீழ் ஈறில் கொப்புளமாக உடைந்தால் அதிர்ஷ்டம். அந்த அத்தையின் பல்லைப் போன்ற, கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. நாக்குக்கு அடியில், தாடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஒரு தசை விரிந்து வாயின் தரையாக இருக்கிறது. முன்பக்கத்துப் பற்களின் வேர்கள் அந்தத் தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்கு மேலேயே முடிந்துவிடுகின்றன. பின்னால் உள்ள இரண்டின் வேர் நுனிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கே உடைகிற சீழ் வாய்க்குள் வராது. தாடைக்கு அடியில், கழுத்தின் தளர்ந்த திசுக்களுக்குள் போகும். அங்கிருந்து மறுபக்கத்துக்கும் பரவினால் வாயின் தரை மேலே எழும்பும். நாக்கு மேலும் பின்னுமாகத் தள்ளப்பட்டு மூச்சு வழியை அடைக்கும். 1836-ல் இந்த நோயை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஃபான் லூட்விக்கின் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு இது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றும் சிலர் இறக்கிறார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடம் இது வேகமாகப் பரவும். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறது, குரல் கம்மிவிட்டது, காய்ச்சல் அடிக்கிறது, தாடைக்கு அடியில் கல்மாதிரி இறுகியிருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தெருமுனை பல் கிளினிக் போதாது. மூச்சுக்குழாயைக் காப்பாற்றத் தெரிந்தவர்களும் அறுவை அரங்கமும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு, அவசரப் பிரிவுக்கு, அந்த நேரமே போக வேண்டும். மேல் பல்லின் சீழாக இருந்து கண்ணைச் சுற்றி வீங்கினாலும் இதே விதிதான். முகத்தின் சிரைகள் வழியாகத் தொற்று மூளைப் பக்கம் ஏறக்கூடும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2007-ல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். சொத்தைப் பல்லில் தொடங்கிய தொற்று மூளைக்குப் போயிருந்தது. அந்தப் பல்லை எடுக்க 80 டாலர் செலவாகியிருக்கும் என்று அப்போது செய்திகளில் எழுதினார்கள். மருத்துவமனைச் செலவோ இரண்டரை லட்சம் டாலர்.

வீக்கம் வற்றட்டும், பிறகு பல்லைப் பார்க்கலாம் என்று வீட்டிலேயே நாள் கடத்துவது நம்மிடையே வேரூன்றிய பழக்கம். இதற்குப் பின்னால் ஒரு நிஜ அனுபவம் இருக்கிறது: வீங்கிய இடத்தில் ஊசி போட்டால் சரியாக மரத்துப்போவதில்லை. சீழ் பிடித்த திசு அமிலத்தன்மை உள்ளது. மரத்துப்போக ஊசியில் போடும் லிக்னோகைன் நரம்புக்குள் நுழைய மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். நல்ல திசுவில் மருந்தின் கால் பங்கு அந்த வடிவில் இருக்கும். அமிலம் ஏறிய திசுவில் அது சில சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. மருத்துவர்கள் இதற்காகத் தொற்றுக்குத் தள்ளி, நரம்பு வரும் வழியிலேயே ஊசி போடுகிறார்கள். சீழை வெளியேற்றுவதுதான் சிகிச்சை. அதைச் செய்யாமல் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் காத்திருப்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

பல் எடுத்தபின் ரத்தம் நிற்கவில்லை என்று பயந்து ஓடிவருகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான நிலைமை. எச்சிலோடு கலந்த கொஞ்சம் ரத்தம் வாய் நிறைய ரத்தமாகத் தெரியும். சுத்தமான துணியை மடித்துக் குழியின்மேல் வைத்து அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள், துப்பாதீர்கள், ஒரு நாள் முழுக்க வாய் கொப்பளிக்காதீர்கள். உறைந்த ரத்தம்தான் அங்கே கட்டு. அப்படியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் எடுப்பதற்காக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் எக்கோஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்திவிடுவது ஈறில் ரத்தம் கசிவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

இனி அந்தப் பையனின் சட்டைப் பையில் இருக்கும் பல்லுக்கு வருவோம். எல்லாவற்றிலும் குறுகிய கெடு இதற்குத்தான்.

பல் தாடை எலும்பில் அறைந்து வைக்கப்படவில்லை; தூளியில் குழந்தை கிடப்பதுபோல எண்ணற்ற நார்களில் தொங்குகிறது. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் நார்களும், அவற்றை நெய்யும் உயிரணுக்களும், ரத்தக்குழாய்களும் இருக்கின்றன. பல் தெறிக்கும்போது இந்த நார்ப்படலம் நடுவில் கிழிந்து, பாதி எலும்போடும் பாதி வேரோடும் போகிறது. வேரில் ஒட்டியிருக்கும் அந்தப் பாதி உயிரோடு இருந்தால், பல்லைக் குழியில் திரும்ப வைத்ததும் இரண்டு பாதியும் சேர்ந்து வளர்ந்துவிடும். செத்துவிட்டால் எலும்பு நேரடியாக வேரைத் தொடுகிறது. எலும்பு தன்னை ஓயாமல் அரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. வேரையும் தன் பகுதி என்று எடுத்துக்கொண்டு, சில வருஷங்களில் கரைத்து எலும்பாக்கிவிடும். ஆக, தெறித்த பல்லில் நாம் காப்பாற்ற வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தை.

கோபன்ஹேகனைச் சேர்ந்த யென்ஸ் ஆன்ட்ரியாசென், சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, திரும்ப நடப்பட்ட 110 பற்களைத் தொடர்ந்து கவனித்து 1966-ல் முடிவுகளை வெளியிட்டார். அரை மணி நேரத்துக்குள் நடப்பட்டவற்றில் 90 சதவீதம் வேர் அரிப்பு இல்லாமல் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆனவற்றில் 95 சதவீதம் அரிக்கப்பட்டன. பல் காயங்கள் தனி மருத்துவத் துறையாக வளர்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. வெளியே ஒரு மணி நேரம் காய்ந்த படலம் பிழைக்காது என்பதுதான் இப்போதைய கணக்கு.

காயாமல் இருந்தால் கெடு நீளும். தண்ணீரில் போட்டால் போதாதா என்று தோன்றும். தண்ணீரில் உப்பு இல்லை. உயிரணுக்கள் அதை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். உலர்ந்து கிடப்பதற்கு அது மேல், அவ்வளவே. பாலின் உப்புச் செறிவு கிட்டத்தட்ட உடல் திரவத்தின் அளவிலேயே இருக்கிறது. அமிலத்தன்மையும் மிகக் குறைவு, பதப்படுத்திய பாலில் கிருமிகளும் குறைவு. ஸ்வீடனின் லார்ஸ் பிளோம்லோஃப் 1980-களின் தொடக்கத்தில் பாலையும் எச்சிலையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபின் பால் முதலிடத்துக்கு வந்தது. குளிர்ந்த பாக்கெட் பால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சூடான பாலும் மோரும் கூடாது. இளநீர் எப்படி என்று கேட்கத் தோன்றுமே? சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இளநீரில் வைத்த உயிரணுக்கள் பாலில் வைத்தவற்றைவிட அதிகம் பிழைத்திருந்தன. பின்னால் வந்த வேறு ஆய்வுகளில் முடிவு அவ்வளவு சாதகமாக இல்லை. இளநீரின் அமிலத்தன்மை இடிக்கிறது. பால் கிடைக்காத தோப்பில் விழுந்தால் இளநீரை நம்பலாம் என்பேன். பால் இருக்கும்போது வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நல்ல இடம் அந்தக் குழியேதான். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ உப்புக் கரைசலிலோ சில நொடி அலசினால் போதும். தேய்ப்பது, பிரஷ் போடுவது, டெட்டாலில் முக்குவது எல்லாம் படலத்தைக் கொல்லும் வேலைகள். பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது என்று தெரிந்துகொண்டு, மெதுவாகக் குழிக்குள் அழுத்தி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி, பல் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். கை நடுங்குகிறது, பையன் விடவில்லை என்றால் பாலில் போட்டு எடுத்துப் போகலாம். மயங்கியிருந்தாலோ வாந்தி எடுத்தாலோ தலையில் அடிபட்டிருந்தாலோ பல் இரண்டாம் பட்சம், முதலில் மருத்துவமனை. தேடியும் பல் அகப்படவில்லை, குழந்தை இருமிக்கொண்டே இருக்கிறது என்றால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். உடைந்த துண்டு கிழிந்த உதட்டுக்குள் புதைந்திருப்பதும் உண்டு. கிடைத்த துண்டையும் ஈரத்தில் வைத்துக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒட்டித் தருவார்கள்.

மருத்துவர் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் கட்டிவைப்பார். கட்டு இறுக்கமாக இருக்காது. பல் லேசாக அசைந்தால்தான் நார்கள் வளரும், எலும்போடு ஒட்டிக்கொள்ளாது. வேர் முழுதாக வளர்ந்துவிட்ட பல்லுக்கு அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்க வேண்டும். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டாலும் பல்லைத் தூக்கி எறிய வேண்டாம். வளரும் பிள்ளைக்கு அது சில வருஷம் நின்றாலும் எலும்பும் இடமும் காப்பாற்றப்படும்.

பால் பல்லை மாத்திரம் திரும்ப வைக்கக் கூடாது. அதற்கு மேலே நிலைப்பல்லின் முளை இருக்கிறது. அழுத்தினால் அது கெடும். மேல்வரிசை நடுப் பற்கள் ஏழெட்டு வயதில்தான் நிலைப்பற்களாக முளைக்கும். அதற்கு முன் விழுந்ததைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதில் அறிவியலுக்கு ஆட்சேபம் இல்லை. அடிபட்ட இடத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு எறியுங்கள்.

பற்கள் அதிகம் தெறிப்பது பள்ளி வயதில், பெரும்பாலும் விளையாடும்போது. அங்கே முதலில் ஓடிவருகிறவர் மருத்துவர் இல்லை; விளையாட்டு ஆசிரியர். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு அடுத்த முறை போகும்போது முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பஞ்சும் டிஞ்சரும் இருக்கும். மூடியின் உள்பக்கத்தில் இதையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்: விழுந்த நிலைப்பல்லை உடனே குழியில் வை; முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போடு; ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போ. கீழே, பள்ளி நேரத்தில் போனை எடுக்கக்கூடிய பக்கத்துப் பல் மருத்துவரின் எண்.